பெட்டி மூடியது முதல் தண்ணீர் காட்டும் வரை

நான் ஓய்வு பெற்ற அன்று எங்கள் ஹேச்சரியில் டீயும் போண்டாவும் கொடுத்தார்கள். பேச்செல்லாம் முடிந்து தட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தபோது, விற்பனைப் பிரிவைச் சேர்ந்த இரண்டு பேர் சென்னைக்கு விமானத்தில் போவதா, இப்போது ஓடும் புது வெள்ளை ரயிலில் போவதா என்று வாதாடிக்கொண்டிருந்தார்கள். ஒருவர் வானத்தில் ஒரே மணி நேரம் என்றார். மற்றவர், விமான நிலையத்துக்குப் போவதையும் அங்கே காத்திருப்பதையும் யார் கணக்கில் சேர்ப்பது என்றார். என்னைக் கண்டதும், "எஸ்தரக்கா, நீங்களே சொல்லுங்க" என்றார்கள்.

"போறது யாருங்க?" என்று கேட்டேன்.

சிரித்தார்கள். நான் விளையாட்டுக்குக் கேட்கவில்லை. அந்த வழக்கை நாங்கள் தொண்ணூறுகளிலேயே தீர்த்துவிட்டோம். அன்றைக்குப் பயணம் போனவர்கள் ஐயாயிரம் பேர். எல்லோருக்கும் ஒரு நாள் வயது. அதை எழுதித் தாருங்கள் என்று அவர்கள் கேட்டதால் எழுதுகிறேன்.

எங்கள் ஹேச்சரி கிணத்துக்கடவுக்குப் பக்கத்தில், பொள்ளாச்சி சாலையை விட்டு உள்ளே தள்ளி இருந்தது. கோழி முட்டைகளை இயந்திரத்தில் அடுக்கிப் பொரிக்க வைத்து, குஞ்சுகளைப் பண்ணைகளுக்கு விற்கும் இடம். என் அப்பாவும் அம்மாவும் அந்தப் பக்கத்துத் தோட்டங்களில் கூலி வேலை செய்தவர்கள். பன்னிரண்டாம் வகுப்பு முடித்ததும் நான் இங்கே சேர்ந்தேன். முதலில் முட்டை அடுக்கினேன். பிறகு இறகைப் பார்த்து ஆண் குஞ்சு, பெண் குஞ்சு பிரிக்கப் பழகினேன். ஊனக் குஞ்சைக் கையில் எடுத்த உடனேயே தெரிந்துகொள்ளப் பழகினேன். சில வருடங்களில் குஞ்சுகளைப் பெட்டியில் போட்டு அனுப்பும் பொறுப்பு என்னிடம் வந்தது.

அந்த வேலையைப் பற்றிக் கொஞ்சம் சொல்லவேண்டும். இருபத்தோராம் நாள் குஞ்சு ஓட்டை உடைத்து வெளியே வரும். வருவதற்கு முன் மிச்சமிருக்கும் மஞ்சள் கருவை வயிற்றுக்குள் இழுத்துக்கொள்ளும். அந்தச் சாப்பாட்டில் இரண்டு நாள்கூட அது தாங்கும். அதனால்தான் அதைத் தூர ஊர்களுக்கு அனுப்ப முடிகிறது. ஆனால் பசியைத் தாங்குகிற குஞ்சு வெக்கையைத் தாங்காது. அட்டைப் பெட்டியில் நாலு அறை, அறைக்கு இருபத்தைந்து குஞ்சு, சுற்றிலும் காற்றுத் துளைகள், அடியில் மரச்சீவல். பெட்டிகளை ஒட்டி அடுக்கினால் நடுவில் இருப்பவை மூச்சுத் திணறிச் செத்துப்போகும். மூடிய பெட்டிக்குள் என்ன நடக்கிறது என்று காதால்தான் அறியவேண்டும். சுகமாக இருக்கும் குஞ்சுகள் தாழ்ந்த குரலில் விடாமல் பேசிக்கொண்டிருக்கும். குளிர்ந்தால் கூர்மையாகக் கத்தும். சூடு ஏறினால் பேச்சு நின்றுபோகும். அந்த அமைதிதான் எனக்குப் பயம்.

எங்கள் மேனேஜர் டாக்டர் கமலவேணி, கால்நடை மருத்துவர். கைத்தறிச் சேலைக்கு மேல் வெள்ளைக் கோட்டு, உள்ளங்கைப் பக்கம் திருப்பிக் கட்டிய கைக்கடிகாரம். குஞ்சு பொரிக்கும் அறையின் கதவைத் திறக்கும் முன் இரண்டு தட்டுத் தட்டுவார். ஏன் என்று ஒருமுறை கேட்டதற்கு, "திடீர்னு திறந்தா அதுக பயந்துக்குமுங்க" என்றார். யாரையும் அவர் சத்தம் போட்டதில்லை. நாங்கள் எதைச் சொன்னாலும் முழுக்கக் கேட்டுவிட்டு, "சரிங்க, அப்புறங்க?" என்பார். அதற்குப் பதில் சொன்னால் மறுபடியும் "அப்புறங்க?" நம்மிடம் பதில் தீர்ந்துபோகும் இடம் வரைக்கும் கேட்பார். அந்த இடத்தில்தான் நம் தப்பு உட்கார்ந்திருக்கும். திட்டு வாங்கினால்கூடத் தேவலை என்று இருக்கும்.

தொண்ணூறுகளின் நடுவில் எங்கள் ஹேச்சரிக்குக் கெட்ட காலம் வந்தது. பக்கத்திலேயே பெரிய கம்பெனிகள் வந்துவிட்டன. உள்ளூர்ப் பண்ணையாளர்கள் ஒவ்வொருவராக அவர்கள் பக்கம் போனார்கள். முதலாளி செல்லமுத்து, தென்னந்தோப்பை வைத்துக்கொண்டு இந்தத் தொழிலில் இறங்கியவர். ஒருநாள் எங்களைக் கூப்பிட்டு, இரண்டு இயந்திரங்களில் ஒன்றை நிறுத்தப்போவதாகவும் நாலு பேரை வீட்டுக்கு அனுப்ப வேண்டியிருக்கும் என்றும் சொன்னார். அந்த நாலு பேரில் பழனாத்தாள் அக்காவும் ஒருவர். கணவரை இழந்தவர், என்னைவிடப் பதினைந்து வயது மூத்தவர். எனக்கு இந்த வேலையைக் கைப்பிடித்துப் பழக்கியவர்.

அந்த நேரத்தில்தான் காட்பாடிப் பக்கத்திலிருந்து ஒரு புது ஆள் வந்தார். பட்டாளத்தில் சுபேதாராக இருந்து ஓய்வு பெற்றவர். ஊரில் எல்லோருக்கும் அவர் சுபேதார்தான். பெரிய கோழிக் கொட்டகை போட்டிருந்தார். எங்கள் குஞ்சின் தரத்தைக் கேள்விப்பட்டு வந்திருந்தார். மாதம் ஒரு ஈடு, அதாவது ஒரு தடவைப் பொரிப்பில் வரும் ஐயாயிரம் குஞ்சு, தொடர்ந்து எடுப்பதாகச் சொன்னார். அவருடைய நண்பர்களும் சேர்ந்தால் எங்கள் இரண்டு இயந்திரமும் ஓடும். அவருடைய நிபந்தனை ஒன்றுதான்.

"லாரில வேணாம். போன கோடைல வேற எடத்துல வாங்கி, வழியிலயே பாதி போச்சு. பிளேன்ல அனுப்புங்க."

முதலாளிக்கு அது பெருமையாக இருந்தது. பீளமேட்டு விமான நிலையத்தில் குஞ்சுப் பெட்டிகளை விமானத்தின் சாமான் அறைக்கு ஒப்படைத்தபோது பக்கத்தில் நின்று போட்டோகூட எடுத்துக்கொண்டார். மெட்ராஸில் இறக்கி, அங்கிருந்து வேனில் காட்பாடி. வானத்தில் ஒரு மணி நேரம்தானே, மத்தியானத்துக்குள் பண்ணையில் இருக்கும் என்று எல்லோரும் நம்பினோம்.

விடியும் முன் மூடிய பெட்டிகள் அவை. விமானத்துக்கு வெகு நேரம் முன்பே ஒப்படைக்கவேண்டும் என்பது முறை. அன்று மெட்ராஸில் மழை மேகம், விமானம் தாமதம். இறங்கிய பிறகு சரக்குக் கொட்டகையில் காகிதங்கள் முடியும் வரை பெட்டிகள் காத்திருந்தன. பிறகு வேன் வெயிலில், வந்த திசையிலேயே நூற்றுச் சொச்சம் கிலோமீட்டர் திரும்பி ஓடியது. யாரும் வேண்டுமென்று எதுவும் செய்யவில்லை, அங்கங்கே இருக்கும் முறைப்படிதான் நடந்தது. சுபேதார் பெட்டிகளைத் திறந்தபோது பொழுது சாய்ந்திருந்தது. நடுப் பெட்டிகளில் பாதிக்கு மேல் செத்துக் கிடந்தன.

மறுநாள் அவர் போனில் சத்தம் போடவில்லை. "இன்னொரு தபா பாக்கறேன். அதுவும் இப்டின்னா வேற எடம் பாத்துக்கறேன்" என்று வைத்துவிட்டார்.

முதலாளி அறையில் கூடினோம். அவர் முகம் வாடியிருந்தது. "விதி. அன்னைக்கு மேகமுங்க. அடுத்த தடவை வேற பிளேன்ல போடலாமுங்க டாக்டர். பிளேனை விட வேகமா என்னங்க இருக்குது?"

டாக்டர் அமைதியாக, "சரிங்க. பிளேன் மெட்ராஸ்ல இறங்குது. அப்புறங்க?" என்றார்.

"சாமானை வெளிய எடுப்பாங்க."

"சரிங்க. அப்புறங்க?"

"வேன்ல ஏத்தி காட்பாடி போகும்."

"அப்புறங்க?"

"அப்புறம் என்னங்க, கொட்டகைக்குப் போயித் தண்ணி வெப்பாங்க."

"அந்தத் தண்ணிய எத்தன மணிக்குங்க வெச்சாங்க?"

டாக்டர் எழுந்து சுவரிலிருந்த கரும்பலகையில் ஒரு கோடு போட்டார். விடியல், ஒப்படைப்பு, காத்திருப்பு, பறப்பு, மறுபடி காத்திருப்பு, வேன், கொட்டகை. பறப்பு அந்தக் கோட்டில் ஒரு விரல் அகலம்தான் இருந்தது.

"குஞ்சுக்கு ஆகாசத்துல போறோமா, தரையில போறோமான்னு தெரியாதுங்க. பொட்டி மூடினதுல இருந்து தண்ணி காட்டற வரைக்கும்தான் அதுக்குப் பயணமுங்க" என்றார்.

அப்போது எனக்கு ஒன்று தோன்றியது. அந்த வருடம் என் அம்மாவை வேலூர் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போயிருந்தேன். கோவையிலிருந்து மெட்ராஸுக்குப் பகலில் புதிதாக விட்டிருந்த அதிவேக ரயிலில் என் சித்தப்பா மகன் டிக்கெட் எடுத்துக் கொடுத்திருந்தான். எல்லாப் பெட்டியும் ஏசி, வழியில் சில ஊர்களில் மட்டும் நிற்கும். "டாக்டர், அந்த வேக ரயிலு காட்பாடியில நிக்குதுங்க. மெட்ராஸ் போயித் திரும்ப வேண்டியதே இல்லீங்க" என்றேன்.

டாக்டர் சாக்பீசால் முதல் கோட்டுக்குக் கீழே இன்னொரு கோடு போட்டார். ஹேச்சரி, ஸ்டேஷன், ரயில், காட்பாடி, கொட்டகை. ரயில் ஓடும் நேரம் விமானத்தைப் போல ஐந்து மடங்கு. ஆனால் மொத்தக் கோடு மேலே இருந்ததில் பாதிக்குக் கொஞ்சம்தான் கூட.

நான் சந்தோஷப்பட்டு முடிப்பதற்குள், "சரிங்க எஸ்தர். ரயிலு காட்பாடியில நிக்குது. அப்புறங்க?" என்றார்.

அங்கேதான் என் பதில் தீர்ந்தது. அந்த ரயில் காட்பாடியில் நிற்பது இரண்டே நிமிடம். அதற்குள் ஐம்பது பெட்டிகளை எப்படி இறக்குவது?

பழனாத்தாள் அக்காதான் வழி சொன்னார். "சோடாக் கடையில பாருங்க, ஒவ்வொரு பாட்டலாவா இறக்கறாங்க? கேஸோட இறக்கறாங்க. அந்த மாதிரி மரத்துல சட்டம் அடிச்சுப்போட்டா?" பொள்ளாச்சியிலிருந்து ஒரு ஆசாரியை வரவழைத்தோம். ஐந்து பெட்டிகள் உட்காரும்படி, ஒவ்வொன்றுக்கும் இடையில் நாலு விரல் காற்று ஓடும்படி மரச்சட்டங்கள் செய்தார். ஐம்பது பெட்டி பத்துச் சட்டமாகியது. இரண்டு பக்கமும் கைப்பிடி, இரண்டு பேர் தூக்கலாம்.

பிறகு டாக்டரும் நானும் கோவை ரயில் நிலையத்தில் ஒரு அதிகாரியைப் பார்க்கப் போனோம். அந்த ரயிலின் கடைசியில், கொடி காட்டும் கார்டு இருக்கும் வண்டியில், சாமான் வைக்க ஒரு சிறு அறை உண்டு. அதில் உயிருள்ள சரக்கை இதுவரை ஏற்றியதில்லை என்றார். டாக்டர் வற்புறுத்தவில்லை. கரும்பலகையில் போட்ட இரண்டு கோடுகளையும் ஒரு தாளில் வரைந்து கொண்டுவந்திருந்தார், அதை மேஜையில் வைத்தார். அதிகாரி வெகு நேரம் பார்த்தார்.

"எங்க ரயிலு பிளேனை ஜெயிச்சிருக்குதுங்களா?" என்று மெதுவாகக் கேட்டார். குரலில் சிரிப்பு இருந்தது.

"இன்னும் ஜெயிக்கலீங்க. நீங்க மனசு வெச்சா ஜெயிக்குமுங்க" என்றார் டாக்டர்.

ஒரே ஒரு முறைக்கு அனுமதி கொடுத்தார். "ஆனா ஒண்ணுங்கம்மா. உங்களால வண்டி ஒரு நிமிஷம் லேட்டானாலும் அதோட சரிங்க. என்னால மேலிடத்துல மறுக்கா கேட்க முடியாது."

அடுத்த பத்து நாட்கள் ஹேச்சரி முற்றத்தில் ஒத்திகை நடந்தது. சரக்குக் கிட்டங்கிச் சுவரில் ரயில் கதவின் அகலத்துக்குச் சாக்பீசால் கோடு போட்டோம். சட்டங்களில் செங்கல் ஏற்றி இறக்கினோம். முதல் நாள் ஆறு நிமிடம் ஆயிற்று. முதலாளியே ஒரு பக்கம் பிடித்துத் தூக்கினார், வேட்டி தடுக்கி விழப்பார்த்தார். உள்ளே இருவர் கதவு வரை நகர்த்த, வெளியே நாலு பேர் மாறி மாறி வாங்க, கடைசி இரண்டு நாளில் ஒன்றரை நிமிடத்துக்கு வந்தோம். அதே மாதிரி நாலு பேரை நிறுத்தும்படி சுபேதாருக்குப் போனில் விளக்கினேன். "அத வுடு மா, பட்டாளத்துல பாலமே இறக்கிருக்கோம்" என்றார்.

குஞ்சு பொரித்த அன்று பகல் ஒரு மணிக்குப் பெட்டிகளை மூடினோம். நானும், சுமை ஏற்றும் வேலையில் இருந்த மாரிமுத்துவும் உடன் போனோம். ஸ்டேஷனில் ஏற்றும்போது பயணிகள் எல்லாம் எட்டிப் பார்த்தார்கள். கார்டு நரைத்த மீசைக்காரர், அதிகம் பேசாதவர். அவர் வண்டிக்கு அடுத்த பெட்டியில் எனக்கும் மாரிமுத்துவுக்கும் இடம். குளிர்ந்த காற்று, சாய்ந்துகொள்ளும் இருக்கை, தட்டில் வைத்துத் தரும் டிபன். என்னால் எதையும் தொட முடியவில்லை.

ஈரோட்டில் வண்டி நின்றதும் ஓடிப்போய்க் கதவருகே காதை வைத்தேன். இடப்பக்கச் சட்டங்களிலிருந்து வழக்கமான பேச்சு கேட்டது. வலப்பக்கம் சத்தமில்லை.

கார்டிடம் சொல்லி, பின்னால் ஓடிவந்த மாரிமுத்துவோடு உள்ளே ஏறினேன். வலப்பக்கச் சுவரைத் தொட்டால் சுட்டது. ஏசிக்கு மின்சாரம் கொடுக்கும் ஜெனரேட்டர் அந்தச் சுவருக்கு அடுத்த பக்கம் ஓடிக்கொண்டிருந்தது. எத்தனை ஒத்திகை பார்த்தும் எங்களில் ஒருவருக்கும் அது தெரியாமல் போயிற்று. ஒரு பெட்டியின் மூடியைத் தூக்கினேன். குஞ்சுகள் இறக்கையை விரித்து, வாயைத் திறந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தன.

"வண்டி கெளம்பப் போகுது" என்றார் கார்டு.

"நாங்க உள்ளேயே இருந்துக்கறமுங்க. இதுகள மாத்தி வெக்கோணும். இல்லாட்டி சேலம் போறதுக்குள்ள எல்லாம் போயிருமுங்க."

அவர் ஒரு கணம் என்னைப் பார்த்தார். பயணிகள் அங்கே இருக்கக்கூடாது என்பது விதி. "சேலம் வரைக்கும்தான். என் கண்ணு முன்னாடி இருக்கணும்" என்று சொல்லிவிட்டுக் கொடியை அசைத்தார்.

வண்டி ஓட ஓட, நானும் மாரிமுத்துவும் சட்டங்களை ஒவ்வொன்றாகச் சூட்டுச் சுவரிலிருந்து நகர்த்தினோம். ஆடும் வண்டியில் காலூன்றி நிற்பதே பாடாக இருந்தது. இடம் போதவில்லை. கார்டு எழுந்து தன் இரும்புப் பெட்டியையும் நாற்காலியையும் ஒதுக்கி, இரண்டு சட்டங்களைத் தன் அறைக்குள் இழுத்துக்கொண்டார். சன்னலைத் திறந்துவிட்டார். நான் கார்டின் பாட்டில் தண்ணீரில் முந்தானையை நனைத்துச் சுவரில் அப்பினேன். அது காய்ந்ததும் மறுபடி நனைத்தேன். காவேரிப் பாலம் எப்போது கடந்தது என்றே தெரியாது.

சங்ககிரி தாண்டும்போது ஒரு பெட்டிக்குள்ளிருந்து ஒரு குரல் வந்தது. பிறகு இன்னொன்று. சேலம் வெளிச்சங்கள் தெரிந்தபோது பத்துச் சட்டங்களும் தாழ்ந்த குரலில் பேச ஆரம்பித்திருந்தன. மாரிமுத்து மண்டியிட்டு உட்கார்ந்து, "இப்பத்தானுங்க எனக்கு மூச்சே வந்துச்சு" என்றான்.

கார்டு பாட்டிலில் மிச்சமிருந்த தண்ணீரை என்னிடம் நீட்டினார். "அந்த ரெண்டு சட்டமும் என் ரூம்லயே இருக்கட்டும். ராத்திரி காட்பாடி வரைக்கும் என் கூடவே வாங்க" என்றார். சேலத்தில் அவர் எங்களை இறங்கச் சொல்லவில்லை.

காட்பாடியில் வண்டி நிற்கும் முன்பே சுபேதார் தெரிந்தார். பிளாட்பாரத்தில் நாலு பேரையும் இரண்டு வரிசையாக நிறுத்தியிருந்தார். கதவு நேராக வந்து நின்றதும் மாரிமுத்து முதல் சட்டத்தைத் தள்ளினான். ஒரு ஜோடி வாங்கி நகர, அடுத்த ஜோடி வந்தது. சுபேதார் தாழ்ந்த குரலில், "ஒண்ணு. ரெண்டு" என்று எண்ணிக்கொண்டே இருந்தார். ஏழாவது சட்டம் கதவில் இடித்து நின்றது. கார்டு காலால் ஓர் அழுத்து அழுத்த, அது வெளியே போனது. பத்தாவது சட்டத்தோடு நானும் மாரிமுத்துவும் குதித்தோம். திரும்பிப் பார்த்தால் கார்டு பச்சை விளக்கை உயர்த்திப் பிடித்திருந்தார். வண்டி தன் நேரத்துக்கு நகர்ந்தது. போகிற போக்கில் அவர் என்னைப் பார்த்துத் தலையசைத்தார்.

சுபேதாரின் கொட்டகை ஸ்டேஷனிலிருந்து பக்கம்தான். வெல்லம் கரைத்த தண்ணீர் தயாராக இருந்தது. ஒவ்வொரு குஞ்சாக எடுத்து அலகை நனைத்துவிட்டோம். ஒருமுறை ருசி பார்த்த குஞ்சு தானே தலையைத் தூக்கி விழுங்கும். செத்தவை என்று ஒதுக்கி வைத்தது ஒரு கைக்குள் அடங்கியது. ஐயாயிரத்தில் அவ்வளவுதான். சுபேதார் மறுபடி மறுபடி பெட்டிகளைத் திருப்பிப் பார்த்தார். பிறகு தன் மனைவியைக் கூப்பிட்டு, "இவங்க ரெண்டு பேருக்கும் சோறு போடு. நல்லா கவனி" என்றார். கொஞ்சம் பொறுத்து, "இன்னும் ரெண்டு பேரு கேட்டுக்கினு இருக்காங்க. நாளைக்கே உங்க மொதலாளிக்குப் போன் போடறேன்" என்றார்.

தெருமுனை பூத்திலிருந்து டாக்டருக்குப் போன் செய்தேன். எல்லாவற்றையும் சொன்னேன், சூட்டுச் சுவரையும் சேர்த்து. "நீங்க சாப்பிட்டீங்களா எஸ்தர்?" என்று மட்டும் கேட்டார்.

மறுநாள் காலை அதே ரயில் மெட்ராஸிலிருந்து திரும்பி வந்தபோது காலிச் சட்டங்களோடு ஏறினோம். இந்த முறை தட்டில் வந்த அத்தனையும் சாப்பிட்டேன். சூட்டுச் சுவரில் அப்பியதில் முந்தானை முழுக்கக் கரியும் சுவரின் சிவப்புச் சாயமும் படிந்திருந்தது. பக்கத்து இருக்கைக்காரர் இரண்டு முறை திரும்பிப் பார்த்தார். எனக்கு வெட்கமாக இல்லை. ஈரோடு தாண்டியதும் நன்றாகத் தூங்கிவிட்டேன்.

மாரிமுத்து தட்டி எழுப்பியபோது வண்டி கோவை பிளாட்பாரத்துக்குள் நுழைந்துகொண்டிருந்தது. சன்னல் வழியே பார்த்தேன். ஹேச்சரியின் பகல் ஷிப்ட் முழுவதும் அங்கே நின்றுகொண்டிருந்தது. வேலைக் கோட்டைக்கூடக் கழற்றாமல் வந்திருந்தார்கள். வீட்டுக்கு அனுப்பப்படுவார்கள் என்று சொல்லப்பட்ட நாலு பேரும் முன்னால் நின்றார்கள். முதலாளி ஓரமாக நின்று துண்டை மடித்து மடித்துப் பிரித்துக்கொண்டிருந்தார். அவருக்குப் பக்கத்தில் டாக்டரோடு பேசிக்கொண்டிருந்தவர், அனுமதி கொடுத்த அந்த ரயில்வே அதிகாரி.

நான் இறங்கியதும் பழனாத்தாள் அக்கா என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார்.

"ஏனுங்க கண்ணு, எல்லாம் தண்ணி குடிச்சுதா?"

"குடிச்சுதுங்கக்கா."

"அப்ப வா, போலாம். ரெண்டாவது மிசினுக்கும் இன்னைக்கே முட்டை அடுக்கச் சொல்லிப்போட்டாங்க."